உங்கள் நங்கூரம் எங்கே விழுகிறது?

கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகெடுத்து வாழ எண்ணும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சென்னையிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் சூரிச்சிலும் இருக்கும் உங்களில் பலருக்கு இப்போது இந்த ஆசை வந்திருக்கிறது. ஒரு கோடை முழுக்க, முடிந்தால் அதற்கு மேலும், கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகிலேயே குடியிருக்க வேண்டும் என்கிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் செலவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எந்தத் தீவு அழகு என்று கேட்கிறீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் வரலாமா என்று கேட்கிறீர்கள். இரவில் நங்கூரத்தை எதன் மேல் இறக்குவது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இந்த மடல் அதற்காகத்தான். அதைச் சொல்லப் போனால் காற்று, தண்ணீர், கழிவு, அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

நானும் என் கணவரும் கோடை மாதங்களில் அயோனியன் கடலிலும் ஏஜியன் கடலிலும் படகையே வீடாக வைத்திருப்பவர்கள். நல்ல வாழ்க்கை இது, அதில் சந்தேகமே வேண்டாம். காலையில் பின்புற ஏணியில் இறங்கினால் கடல். டிங்கி என்னும் சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போனால் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. சமையல், துவையல், படிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குள். கிரேக்கத்தில் தீவுகளும் திட்டுகளுமாகச் சேர்த்து 6,000 இருக்கும் என்பார்கள்; அவற்றில் மக்கள் வாழ்பவை 227. இத்தனை கரைகளிலும் மடிந்து மடிந்து கிடக்கும் குடாக்களில் பெரும்பாலானவற்றில் நங்கூரம் போட ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் பணம் இல்லாமல் உலகத்தின் மிகத் தெளிவான தண்ணீரின் மேல் தூங்கலாம். இந்தச் சுதந்திரத்தின் மேல்தான் படகு வாழ்க்கை முழுவதும் நிற்கிறது. சும்மா கிடைப்பதாக நமக்குத் தோன்றும் அதன் விலையைக் கொடுப்பது கடலடி.

மத்தியதரைக் கடலின் கரையோரங்களில் பொசிடோனியா ஓஷியானிகா என்றொரு கடற்புல் வளர்கிறது. இந்தக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. பாசி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேரும் தண்டும் உள்ள தாவரம், பூக்கும், காய்க்கும். ஒரு மீட்டர் வரை நீளும் நாடா போன்ற இலைகள். வெளிச்சம் எட்டும் இடமெல்லாம், நாற்பது மீட்டர் ஆழம் வரைகூட, அது படர்ந்திருக்கும். மீன்குஞ்சுகளுக்கும் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் ஒளிவதற்கும் தின்பதற்கும் அந்தப் புல்வெளிதான் இடம். விசிறி போல நிமிர்ந்து நிற்கும் பின்னா நோபிலிஸ் என்ற பெரிய சிப்பி இந்தப் புல்லுக்குள்தான் வாழ்ந்தது. 2016 முதல் ஒட்டுண்ணி நோய் ஒன்று அதைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவிட்டது; இப்போது ஒன்றைப் பார்ப்பதே அரிது. புல்லின் வேரும் கிடைத்தண்டும் மண்ணும் ஒன்றோடொன்று பின்னி, நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காய் ஏறி, சில இடங்களில் மீட்டர் கணக்கில் தடித்த மெத்தையாகக் கிடக்கிறது. காற்றிலிருந்து கடல் வாங்கிக்கொண்ட கரிமத்தில் ஒரு பங்கு அந்த மெத்தைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. உதிர்ந்த இலைகள் குளிர்காலத்தில் கரையில் குவிந்து, அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் காக்கின்றன.

பாக் நீரிணைக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடல்தாழையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைத் தின்று வாழும் கடற்பசுவுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022-இல் அங்கே 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பது நம் கரைக்காரர்களுக்குத் தெரியும். நங்கூரம் அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. ஆனால் ஒரு கோடையில் ஒரே குடாவுக்குள் எத்தனை படகுகள் வந்து போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பொசிடோனியாவின் கிடைத்தண்டு பக்கவாட்டில் வளர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். ஒரு நங்கூரம் மேலே வரும்போது கூடவே பிய்ந்து வரும் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பழுப்பு நார் சுற்றிய தண்டுகள், அவற்றில் ஒட்டிய கறுத்த சேறு, சிறு நத்தைகள், நுனியில் இன்னும் பச்சையாக இலை. கனமாக இருக்கும், அழுகிய மண்ணின் வாடை அடிக்கும். அதைக் கம்பியால் குத்திக் கடலில் தள்ளிவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விடலாம். அந்தக் கட்டி இருந்த குழி மூட, நம் பிள்ளைகளின் காலமும் போதாது.

குழியைவிடப் பெரிய சேதம் சங்கிலியால் வருவது. பகலில் தெற்கு நோக்கி நிற்கும் படகு, இரவில் காற்று திரும்பினால் வடக்கு நோக்கிச் சுழலும். முப்பது, நாற்பது மீட்டர் இரும்புச் சங்கிலி அத்தனை தூரமும் தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். ஆகவே நங்கூரம் விழும் இடம் மட்டும் மணலாக இருந்தால் போதாது. படகு சுழலும் வட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும். வட்டத்துக்கு இடமில்லாத குறுகிய குடாவில், பின்னாலிருந்து கரைக்கு ஒரு கயிறு கொடுத்துவிட்டால் படகு சுழலாது. கயிற்றைப் பாறையில் கட்டுங்கள். பைன் மரத்திலும் ஒலிவ மரத்திலும் கட்டி இறுக்கினால் பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும்.

மணலைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெளிர் பச்சையாக, பால் கலந்த மாதிரி தெரிவது மணல். கறுநீலத் திட்டாகத் தெரிவது புல்லோ பாறையோ. சூரியன் உச்சியில் இருக்கும்போது இந்த நிறங்கள் தெளிவாகப் பிரியும். மாலை ஆறு மணிக்கு எதிர்வெயிலில் குடாவுக்குள் நுழைந்தால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடாகத் தெரியும். எனவே மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். ஒருவர் படகின் முன்முனையில் நின்று கையால் வழிகாட்டட்டும். வெளிர்த் திட்டின் நடுவில் படகு நின்ற பிறகு நங்கூரத்தை மெதுவாக இறக்குங்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட்டு, என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, அது கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, சங்கிலி போகும் வழியெல்லாம் நீந்திப் போய் நங்கூரத்தைக் கண்ணால் பாருங்கள். கூர் முழுக்க மணலுக்குள் புதைந்து, தண்டு மட்டும் தெரிந்தால் சரி. பக்கவாட்டில் சாய்ந்து புல்மேல் கிடந்தால் எடுத்துத் திரும்பப் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல மாலுமிகள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதில் உங்கள் உயிருக்கும் உத்தரவாதம் இருக்கிறது. புல்லின் மேல் நங்கூரம் பிடிப்பதில்லை. இலைகளின் மேல் வழுக்கும். ஒரு கட்டியை வாரிக்கொண்டு கூர் அடைத்துப்போகும். பகலில் பிடித்ததாகத் தோன்றும் நங்கூரம், நள்ளிரவில் காற்று ஏறியதும் ஓசையில்லாமல் நகரத் தொடங்கும். பாறைக்கரை எத்தனை அருகில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். புல்லுக்கு நல்லது எதுவோ அதுவே உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

காற்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஏஜியன் கடலின் கோடைக்காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். பால்கன் பகுதியில் உயர் அழுத்தமும், வெயிலில் காயும் துருக்கி நிலப்பரப்பின் மேல் தாழ்வழுத்தமும் இருக்கும்போது, நடுவில் அகப்பட்ட ஏஜியன் வழியாக வடக்கிலிருந்து காற்று பாய்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது உச்சம். பியூஃபோர்ட் அளவில் ஐந்திலிருந்து ஏழு சாதாரணம். ஏழு என்றால் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். நம் ஊரில் காற்று வருமுன் மேகம் கறுக்கும், மண் வாசனை வரும். மெல்தெமிக்கு வானத்தில் அப்படி எந்த முன்னறிவிப்பும் கிடையாது. வானம் பளிங்கு மாதிரி நீலமாக இருக்கும், கடல் முழுக்க வெள்ளை நுரை. ஒருமுறை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. உயரமான தீவின் தெற்குப் புறம் மறைவாக இருக்கும் என்று நம்பிப் போனால், மலையேறி வந்த காற்று அந்தப் பக்கம் சரிவில் இறங்கி இன்னும் கடுமையாக அறையும். ஆண்ட்ரோஸ் தீவுக்கும் எவியாவுக்கும் இடையிலுள்ள காவோ டோரோ நீரிணையும், டினோஸுக்கும் மிகோனோஸுக்கும் இடையிலுள்ள கால்வாயும் அனுபவசாலிகளே யோசித்துப் போகும் இடங்கள். காற்று எட்டைத் தொட்டால் பெரிய ஃபெரிகளையே துறைமுக அதிகாரிகள் நிறுத்திவைப்பது வழக்கம்.

ஆகவே முதல்முறை வருபவர்கள் ஆகஸ்டில் ஏஜியனின் சைக்ளடீஸ் தீவுகளுக்குத் திட்டம் போடாதீர்கள். அயோனியனுக்கு வாருங்கள்: லெஃப்கடா, மெகனிசி, இதாகா, கெஃபலோனியா. அங்கே மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து எழும் மாஇஸ்த்ரோ காற்று பாய் விரிக்கப் போதுமானது. பெரும்பாலும் இரவில் அடங்கிவிடும். ஏஜியன் வேண்டுமென்றால் மே, ஜூன் மாதங்களில் வாருங்கள். இரண்டு கடலையும் பார்க்க நினைப்பவர்களுக்கு 1893-இல் திறந்த கொரிந்து கால்வாய் குறுக்குவழி. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். ஆனால் அயோனியனும் எப்போதும் சாது என்று எண்ண வேண்டாம். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியாவையும் இதாகாவையும் ஜாகிந்தோஸையும் தாக்கியபோது, குடாக்களிலும் துறைகளிலும் நின்ற பல படகுகள் மூழ்கின. பல கரையில் தூக்கி எறியப்பட்டன.

படகில் உள்ள பொருள்களிலேயே ஆபத்தானது நாள்குறித்த பயணத்திட்டம். வெள்ளிக்கிழமை விமானம், வியாழக்கிழமை சாந்தோரினி என்று எழுதிவைத்தவர்தான் ஏழு எண் காற்றில் கிளம்புகிறார். அவர்தான் இருட்டில் வந்து கைக்குக் கிடைத்த இடத்தில் நங்கூரத்தை எறிகிறார். சாந்தோரினியின் எரிமலைக் குழிக்குள் கடல் முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். படகுக்காரர்களுக்கு அங்கே நங்கூரம் போட ஏறத்தாழ இடமே இல்லை என்பதும் பலருக்குப் போன பிறகுதான் தெரிகிறது. ஒரு வாரத்துக்கு இரண்டு நாளைக் காற்றுக்கென்று ஒதுக்கிவையுங்கள். அந்த நாள்களில் ஒரே குடாவில் கிடந்து, ஊருக்குள் நடந்து, ஒரு தீவையாவது சரியாகத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். சைக்ளடீஸ் தீவுகள் பல வறண்டவை. ஆறு கிடையாது, மழை குளிர்காலத்தில் மட்டும். நெடுங்காலம் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிய தீவுகள் உண்டு. இப்போது பல தீவுகள் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்பியிருக்கின்றன. அந்த ஆலைக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு எண்ணெய் எரிய வேண்டும். துறைமேடையில் காசு கொடுத்துக் குழாயைத் திறந்து தளம் முழுக்க நன்னீரில் கழுவும் படகுக்காரர், தான் காசு கொடுத்துவிட்டதாக நினைக்கிறார். எதிர்வீட்டுப் பாட்டி பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒலிவ எண்ணெய் டின்னில் வளர்த்த துளசிக்கு ஊற்றுவதை ஒருமுறை நின்று பார்த்தால் அந்தக் குழாயைத் திறக்கவே கை கூசும். தளத்தைக் கடல்நீரில் கழுவுங்கள். பாத்திரத்தையும் கடல்நீரில் தேய்த்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நன்னீர். குளித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

நம் சமையல் இதற்கு மிகவும் ஒத்துவரும். பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுவாருங்கள். கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அரிசி களைந்த நீரில் பருப்பை வேகவைக்கலாம். புளி கிடைக்காத தீவில் எலுமிச்சை உண்டு. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். கிரேக்கர்களும் வெண்டையைத் தக்காளியோடு குழைய வேகவைப்பவர்கள்தான்.

கழிவு. படகின் கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது என்பதை ஏறியவுடன் சொல்லிவிடுவார்கள். அடைத்துக்கொண்டால் பிரித்துச் சரிசெய்வது நீங்கள்தான். அதைவிட முக்கியமானது கழிவுத் தொட்டி. குடாவுக்குள் நிற்கும்போது அதன் வால்வு மூடியே இருக்க வேண்டும். கரையை விட்டு நன்றாக விலகி, ஆழ்கடலுக்குப் போன பிறகுதான் திறக்க வேண்டும். நாம் குதித்து நீந்துவதும், பக்கத்துப் படகுக் குழந்தை குளிப்பதும் அதே தண்ணீரில். குப்பையைச் சின்னத் தீவில் இறக்காமல், முடிந்தவரை சேர்த்துவைத்துப் பெரிய துறையில் போடுங்கள்.

சில இடங்கள் நமக்குரியவை அல்ல. அலோனிசோஸ் தீவைச் சுற்றி 1992-இல் உருவான தேசியக் கடல் பூங்கா, மத்தியதரைக் கடலின் துறவி கடல்நாய்களுக்கு அடைக்கலம். அவற்றில் பெரும்பங்கு இன்று கிரேக்கக் கரைகளில்தான் வாழ்கிறது. மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சி, கடற்குகைகளுக்குள் போய்க் குட்டி ஈனுகின்றன. அந்தப் பூங்காவின் பிபேரி தீவைச் சுற்றி மூன்று கடல்மைலுக்குள் படகு போகக் கூடாது. ஜாகிந்தோஸின் லகனாஸ் குடாவில் ஆமைகள் முட்டையிடும் கரைகளுக்காக 1999-இல் ஒரு கடல் பூங்கா அமைத்தார்கள். ஒரு பகுதிக்குள் படகே நுழையக் கூடாது, இன்னொன்றில் நங்கூரம் கூடாது, வேகம் மணிக்கு ஆறு கடல்மைலுக்கு மேல் போகக் கூடாது. வரைபடத்தில் இந்த எல்லைகளைக் கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள். கடற்குகைக்குள் டிங்கியோடு நுழைந்து படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

துறைக்குள் வரும்போது நடந்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. இங்கே படகைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்துவதில்லை. முன்னால் நங்கூரத்தை இறக்கிவிட்டுப் பின்னோக்கி வந்து, பின்புறத்தைத் துறைமேடையில் இரண்டு கயிற்றால் கட்டுவார்கள். ஹைட்ரா போன்ற சின்னத் துறையில் வரிசைக்கு முன் வரிசை நின்று, சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். காலையில் சிக்கு எடுக்கும்போது கோபப்படாதீர்கள். கயிறு வாங்கக் கை நீட்டுங்கள், உங்கள் கயிற்றையும் யாராவது வாங்குவார்கள். அந்தத் துறைமேடை ஊரின் முன்வாசல். நள்ளிரவுப் பாட்டும் ஜெனரேட்டரும் அங்கே வேண்டாம். 2024 ஜூனில் ஹைட்ராவில் பைன் காடு எரிந்தது. கடலில் நின்ற ஒரு படகிலிருந்து விட்ட வாணத்தால் தீ மூண்டதாகக் கிரேக்கத் தீயணைப்புத் துறை சொன்னது. கோடையில் இந்தத் தீவுகள் காய்ந்த சருகு. படகிலிருந்து வாணமும் வேண்டாம், கரையில் அடுப்பும் வேண்டாம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க, ஒருவரிடம் முறையான மாலுமிச் சான்றிதழும், கூட அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு 2019 முதல் கிரேக்கக் கடல்வரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், அங்கே பதிவான தன் படகைப் பதினெட்டு மாதம் வரை இங்கே வைத்திருக்கலாம். ஆனால் இந்திய, இலங்கை, பிரிட்டிஷ், கனடியப் பாஸ்போர்ட்காரர் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஓராண்டுக் கனவு காண்பவர்கள் படகு வாங்குமுன் விசாவைப் பாருங்கள்.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். படகை உங்களிடம் ஒப்படைக்கும் நாளில் குளிர்பெட்டியையும் பாட்டுக் கருவியையும் சோதிக்குமுன், சங்கிலி எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். கழிவுத் தொட்டியின் வால்வு மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். நீர்க்கண்ணாடி இருக்கிறதா என்று தேடுங்கள். புல் மூடிய குடாவில் மணல் கிடைக்காவிட்டால், எத்தனை அழகாக இருந்தாலும் அங்கே தங்காதீர்கள். அடுத்த குடா சில மைல் தூரத்தில்தான் இருக்கும். உங்களோடு வருபவர்களுக்கும், வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் தொல்லை என்று தோன்றினால் ஃபெரியில் வாருங்கள், ஊருக்குள் அறை எடுத்துத் தங்குங்கள். அதுவும் அருமையான பயணம்தான், தீவுக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். இவற்றோடு வாழ முடியும் என்று தோன்றுகிறவர்கள் மட்டும் படகெடுங்கள்.

அன்புடன்,
படகில் வாழும் உங்கள் சகோதரி